சுருக்கெழுத்தில் பிறந்த கதைகள்

குழந்தைகளுக்காக எழுதுவது பெரியோருக்கு எழுத இயலாதவர்கள் மேற்கொள்ளும் பணி என்றோர் எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. பத்திரிகை அலுவலகங்களில் சிறுவர் பகுதியைப் புதிதாகச் சேர்ந்த உதவியாசிரியரின் தலையில் கட்டிவிடும் வழக்கமும் இவ்வெண்ணத்திலிருந்து கிளைத்ததேயாகும். நாவலாசிரியரை மேடையேற்றி மாலையிடுகிறோம். சிறுவர் கதை எழுதியவரை அவருடைய தெருவில் இருப்பவர்கள்கூட அறிவதில்லை. நம் இல்லங்களில் உறங்கும் நேரத்தில் உம்மம்மாமார்கள் கூறிய கதைகள் எத்தனை! அவற்றுள் ஏட்டில் ஏறியவை எத்தனை? கதை சொல்வது வீட்டு வேலைகளுள் ஒன்று, அதற்குக் கணக்கும் இல்லை, கூலியும் இல்லை என்றே இருந்துவிட்டோம்.

அந்த வேலையையே வாழ்நாள் தொழிலாக ஏற்று, ஒரு நாட்டின் சட்டமன்றமே செவிசாய்க்கும் அளவுக்கு உயர்ந்த ஒரு பெண்மணியைப் பற்றி இம்மாதம் வாசகர்களோடு பேச விழைகிறேன். ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் அஸ்ட்ரிட் லிண்ட்கிரேன் அம்மையாரே அவர். அவருடைய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவந்துள்ளன. ஆயினும் புகழ்மாலை தொடுப்பது என் நோக்கமன்று. அவர் எப்படி வேலை செய்தார், எந்த நேரத்தில் எழுதினார், எதைக் கொண்டு எழுதினார், எந்த வலி அவரை எழுதத் தூண்டிற்று என்பனவே நாம் அறியத்தக்கவை.

அஸ்ட்ரிட் 1907ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று, ஸ்வீடனின் தென்பகுதியான ஸ்மோலாந்து மாநிலத்தில், விம்மர்பி என்னும் சிற்றூரை அடுத்த நேஸ் பண்ணையில் பிறந்தார். பாதிரியார் இல்லத்துக்குரிய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு வந்த குடும்பம் அது. நான்கு மக்களுள் அவர் இரண்டாமவர். களையெடுப்பது, கிழங்கு தோண்டுவது, மாடு கன்றுகளைப் பார்ப்பது என எல்லா வேலைகளிலும் பிள்ளைகளும் பங்கேற்க வேண்டும். வேலை முடிந்தபின் அவர்கள் எங்கே ஓடினார்கள், எந்த மரத்தில் ஏறினார்கள் என்று தாயார் விசாரிப்பதில்லை. பாதுகாப்பும் சுதந்திரமும் ஒருசேரக் கிடைத்த பிள்ளைப் பருவம் அது என்று அவர் பிற்காலத்தில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

பண்ணையில் மாடுகளைப் பராமரித்த பணியாளரின் சிறிய வீட்டுச் சமையலறையில்தான் அவர் முதன்முதலாகக் கதை கேட்டார். பணியாளரின் மகள் ஒரு நூலிலிருந்து அரக்கனும் தேவதையும் வரும் கதையொன்றைப் படித்துக் காட்டினாள். பள்ளிக்குச் செல்லத் தொடங்கியிராத சிறுமிக்கு அன்று ஏற்பட்ட மயக்கம் இறுதிவரை தெளியவேயில்லை. பண்ணையாரின் மகளுக்குக் கதையுலகின் கதவைத் திறந்தது மாட்டுப் பணியாளரின் அடுப்படி என்பதை ஊன்றிக் கவனிக்கத் தோன்றுகிறது.

பள்ளியில் அவர் எழுதிய கட்டுரையொன்று உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியாயிற்று. நோபல் பரிசு பெற்ற ஸ்வீடனின் பெரும் எழுத்தாளர் செல்மா லாகர்லாவ் அம்மையாரோடு அவரை ஒப்பிட்டு ஊரார் கேலியும் பாராட்டுமாகப் பேசலாயினர். அதைக் கேட்டு அஞ்சிய அச்சிறுமி, வாழ்நாளில் ஒரு நூலும் எழுதுவதில்லை என்று தமக்குள் உறுதி பூண்டார். அந்த உறுதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலைத்தது!

கோபன்ஹேகனுக்குப் போன இரயில்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அஸ்ட்ரிட் அதே செய்தித்தாளில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய வாழ்வு திசைமாறியது. தம்மைவிட முப்பது ஆண்டுகள் மூத்தவரான பத்திரிகை ஆசிரியரால் பதினெட்டாம் வயதில் அவர் கருவுற்றார். அந்த மனிதர் மணந்துகொள்ள முன்வந்தும் அஸ்ட்ரிட் உடன்படவில்லை. 1926இல், ஒரு சிற்றூரில், மணமாகாத இளம்பெண் கருவுற்றிருப்பது என்றால் என்னவென்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கும் ஊர்வாய் ஒன்றுதான். அவர் ஊரை விட்டு வெளியேறினார். தந்தையின் பெயரைப் பதிவு செய்யாமலேயே மகப்பேறு பார்க்க டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கு 1926 டிசம்பர் 4 அன்று லார்ஸ் என்னும் ஆண் மகவைப் பெற்றெடுத்தார்.

நடந்ததைச் சரியென வாதாட இக்கட்டுரை முனையவில்லை. அந்த அம்மையாரும் அதைப் பெருமையாக எங்கும் கூறிக்கொண்டதில்லை. 1977இல் அவருடைய வாழ்க்கை வரலாறு நூலாக வரும்வரை பொதுமக்களுக்கு இச்செய்தி தெரியாமலேயே இருந்தது. ஆனால் இதை விலக்கிவிட்டு அவருடைய எழுத்தைப் புரிந்துகொள்ள வழியில்லை.

குழந்தையைக் கோபன்ஹேகனில் ஒரு வளர்ப்புத் தாயிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஸ்டாக்ஹோம் திரும்பினார். வளர்ப்புத் தாய் அன்பு மிக்கவராக அமைந்தது ஆறுதலே. பிள்ளையைத் தம்மோடு வைத்துக்கொள்ள வேண்டுமானால் வருவாய் வேண்டும். வருவாய்க்கு ஒரு தொழில் வேண்டும். எனவே அவர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று அலுவலகப் பணிக்குச் சென்றார். மாதச் சம்பளம் அறை வாடகைக்கும் அரை வயிற்றுக்குமே போதுமானதாக இருந்தது. ஊரிலிருந்து தாயார் அனுப்பும் உணவுப் பெட்டிதான் பல நாள்களில் பசி தீர்த்தது. பணம் சிறிது சேர்ந்துவிட்டால் வார இறுதியில் இரவு இரயிலேறிக் கோபன்ஹேகன் செல்வார். பிள்ளையோடு ஒரு பகலைக் கழித்துவிட்டு, திங்கட்கிழமை காலை மீண்டும் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்திருப்பார்.

இப்படி மூன்றாண்டுகள் கழிந்தன. 1930ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வளர்ப்புத் தாய் நோய்வாய்ப்படவே, அஸ்ட்ரிட் பிள்ளையைத் தம் வாடகை அறைக்கு அழைத்து வந்தார். டேனிஷ் மொழி பேசிப் பழகிய மூன்று வயதுக் குழந்தை, தான் தாயாக அறிந்தவளை இழந்து, தன்னைப் பெற்றவளின் அறையில் கக்குவான் இருமலோடு இரவெல்லாம் இருமிக் கிடந்தது. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு தூக்கமின்றிக் கிடந்த இரவுகளை அவரால் மறக்கவே இயலவில்லை. சில மாதங்களில் அஸ்ட்ரிடின் பெற்றோர் பேரனை நேஸ் பண்ணைக்கு அழைத்துக்கொண்டனர். ஊர் என்ன சொல்லும் என்று அவர்கள் தயங்கி நிற்கவில்லை. 1931இல் தாம் பணியாற்றிய மோட்டார் கழக அலுவலகத்தின் மேலாளர் ஸ்தூரே லிண்ட்கிரேனை அஸ்ட்ரிட் மணந்த பின்னர், மகனும் அவர்களோடு வந்து சேர்ந்தான். 1934இல் காரின் என்னும் மகள் பிறந்தாள்.

பிள்ளையை மீட்பதற்காக, வயிற்றுப் பாட்டுக்காக அவர் கற்றது சுருக்கெழுத்து. அக்கோடுகளும் சுழிகளுமே பின்னாளில் அவருடைய எல்லாக் கதைகளுக்கும் கருவியாயின என்பதுதான் இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி.

வழுக்கி விழுந்ததால் கிடைத்த ஓய்வு

மணமான புதிதில் அவர் வீட்டிலிருந்தபடியே அவ்வப்போது தட்டச்சு வேலையும் சுருக்கெழுத்து வேலையும் செய்தார். குடும்பப் பத்திரிகைகளுக்கும் ஆண்டு மலர்களுக்கும் சிறு கதைகள் எழுதி அனுப்பினார். வீட்டுச் செலவுக்குச் சிறிது துணையாகும் என்பதைத் தவிர அவற்றின் மீது அவருக்குப் பெரிய மதிப்பில்லை. இதைப் போன்ற குடும்பப் பத்திரிகைகளுக்கு அடுப்படி வேலைகளுக்கு இடையே கதை எழுதி அனுப்பும் நம் சகோதரிகள், உலகறிந்த எழுத்தாளரொருவரின் தொடக்கமும் அதுவே என்பதை அறிந்தால் மகிழ்வார்கள்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஸ்வீடன் போரில் இறங்கவில்லையெனினும், எல்லை கடந்து செல்லும் கடிதங்களை அரசு இரகசியமாகத் தணிக்கை செய்தது. 1940 முதல் அந்தத் தணிக்கைப் பிரிவில் அஸ்ட்ரிடுக்கு வேலை கிடைத்தது. பிறர் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் அருவருப்பான வேலைதான். எனினும் ஐரோப்பாவெங்கும் தாய்மார்களும் மனைவியரும் பட்ட துயரம் நாள்தோறும் அவருடைய மேசைக்கு வந்தது. போர் தொடங்கிய நாளிலிருந்தே அவர் ஒரு நாட்குறிப்பு எழுதிவந்தார். செய்தித்தாள் துணுக்குகளையும் அதில் வெட்டி ஒட்டினார். போர் முடியும்போது அது 17 குறிப்பேடுகளாக வளர்ந்திருந்தது. அவர் மறைந்த பிறகு 2015இல் அந்நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது.

இதற்கிடையே 1941இல் ஏழு வயது மகள் காரின் நிமோனியாக் காய்ச்சலில் படுத்திருந்தாள். கதை சொல்லுமாறு தாயை நச்சரித்தாள். எந்தக் கதை என்று தாய் கேட்க, அந்த நொடியில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி, பிப்பி லாங்ஸ்ட்ரும்பின் கதை வேண்டுமென்றாள். பெயர் வேடிக்கையாக இருந்ததால் அதற்கேற்ற வேடிக்கையான சிறுமியொருத்தியைத் தாய் படைத்தார். குதிரையைத் தலைக்கு மேல் தூக்குமளவு வலிமை. பெட்டி நிறையப் பொற்காசுகள். தாயும் தந்தையும் உடனில்லாமல், ஒரு குரங்கோடும் குதிரையோடும் தனி வீட்டில் தானே தன்னை ஆண்டுகொள்ளும் ஒன்பது வயதுச் சிறுமி. காரினும் அவளுடைய தோழிகளும் மேலும் மேலும் கேட்டனர். மூன்றாண்டுகள் அக்கதை வாய்மொழியாகவே வீட்டில் உலவிற்று. எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1944 மார்ச் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. பனி பெய்து உறைந்திருந்த பாதையில் நடந்து வந்த அஸ்ட்ரிட் வழுக்கி விழுந்து கணுக்கால் சுளுக்கிக்கொண்டார். சில நாள்கள் எழுந்து நடமாடலாகாது. வேலைக்கும் போக இயலாது, வீட்டு வேலையும் செய்ய இயலாது. இல்லத்தரசியொருத்திக்கு இப்படித்தானே ஓய்வு வாய்க்கிறது! படுத்த படுக்கையாகக் கிடந்த அந்நாள்களில் பிப்பியின் கதைகளைச் சுருக்கெழுத்தில் எழுதத் தொடங்கினார். பின்னர் தட்டச்சு செய்து, அந்த மே மாதம் காரினின் பத்தாவது பிறந்தநாளன்று அவளுக்கே பரிசாக அளித்தார். மற்றொரு படியை ஸ்டாக்ஹோமின் மிகப் பெரிய பதிப்பகமான பொன்னியேர்ஸுக்கு அனுப்பினார். அது திரும்பி வந்துவிட்டது.

எழுதிய சுவை விரலில் ஒட்டிக்கொண்டது. ராபென்-ஷோக்ரென் என்னும் சிறிய பதிப்பகம் சிறுமியருக்கான நூல்களுக்குப் போட்டி அறிவித்திருந்தது. கடிதங்கள் எழுதும் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தியைப் பற்றிய கதையை அனுப்பி 1944இல் இரண்டாம் பரிசு பெற்றார். மறு ஆண்டு, பிப்பியைத் திருத்தி எழுதி அதே பதிப்பகத்தின் அடுத்த போட்டிக்கு அனுப்ப, முதற்பரிசு கிட்டியது. அந்நூல் 1945இல் வெளிவந்து, பணமுடையில் தத்தளித்துக் கொண்டிருந்த பதிப்பகத்தையே நிமிர்த்தி வைத்தது.

எதிர்ப்பும் எழாமலில்லை. 1946இல் பேராசிரியர் ஒருவர் நாளிதழில் கடுமையாகத் தாக்கி எழுதினார். இப்படி நடந்துகொள்ளும் பெண் இயல்புக்கு மாறானவள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். என் கருத்தையும் இங்கே மறைக்காமல் கூறிவிடுகிறேன். பிப்பியின் துடுக்குத்தனம் முழுவதும் எனக்கு உவப்பானதன்று. அவளுடைய தந்தையைக் கறுப்பின மக்களின் அரசன் என இழிசொல்லால் குறித்த இடங்களும் அந்நூலில் இருந்தன. 2015ஆம் ஆண்டு ஸ்வீடிஷ் பதிப்பில்தான் அச்சொல் நீக்கப்பட்டுத் தென்கடல் அரசன் என மாற்றப்பட்டது. ஆனால் பெரியவர்களைவிட வலிமை மிக்க அச்சிறுமி, தன் வலிமையை எளியோர் மீது ஒருபோதும் காட்டுவதில்லை. போர் நாட்குறிப்பை எழுதிய அதே கையிலிருந்து அவள் பிறந்தாள் என்பதை நினைக்கும்போது அந்தத் துடுக்குத்தனத்தின் பொருள் வேறாகத் தெரிகிறது.

காலையில் எழுத்து, பிற்பகலில் அலுவலகம்

1946இல் ராபென்-ஷோக்ரென் பதிப்பகம் அவரையே சிறுவர் நூற் பிரிவின் பதிப்பாசிரியராக அமர்த்திக்கொண்டது. 1970 வரை, அதாவது 24 ஆண்டுகள், அவர் அப்பணியில் இருந்தார். நூல்கள் இலட்சக்கணக்கில் விற்ற பின்னரும் அவர் அலுவலக நாற்காலியைத் துறக்கவில்லை.

அவருடைய நாள் இவ்வாறு சென்றது. அதிகாலையில் விழித்ததும் படுக்கையை விட்டு எழாமலே சுருக்கெழுத்துக் குறிப்பேட்டை எடுத்துவிடுவார். வீடு விழித்துக்கொள்ளும் முன்பு, தொலைபேசி ஒலிக்கும் முன்பு, அன்றைய பகுதி எழுதப்பட்டுவிடும். எழுதியதை அடித்து, மீண்டும் எழுதி, ஓசை சரியாக வரும்வரை மாற்றிக்கொண்டேயிருப்பார். நிறைவடைந்த பின்பே தட்டச்சுப் பொறிக்குச் செல்வார்; அப்போது தாளில் திருத்தத்துக்கு அதிக இடமிராது. பிற்பகலில் பதிப்பகம். அங்கே பிறர் அனுப்பிய கையெழுத்துப் படிகளைப் படிப்பார், அயல்நாட்டு நூல்களை மொழிபெயர்க்கத் தேர்ந்தெடுப்பார், ஓவியர்களோடு பேசுவார், ஏற்கவியலாத படைப்புகளைத் திருப்பியனுப்பிக் கடிதம் எழுதுவார். தம் படைப்பும் ஒருநாள் திருப்பியனுப்பப்பட்டது அவருக்கு மறந்திருக்காது. மாலையில் வீடு. கோடையில் ஸ்டாக்ஹோமுக்கு அப்பாலுள்ள ஃபூருசுண்ட் தீவூரில் இருந்த வீட்டுக்குச் சென்று, அங்கும் இதே ஒழுங்கில் எழுதினார்.

கணவர் ஸ்தூரே 1952இல் காலமானார். அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. காலை எழுத்தும் பிற்பகல் அலுவலகமும் மாறாமல் தொடர்ந்தன.

சிறுவர்க்கு எழுத விரும்புவோருக்கென 1970இல் அவர் எழுதிய சிறு கட்டுரை குறிப்பிடத்தக்கது. ஐந்து வயதுக் குழந்தையைப் பற்றி ஐந்து வயதுக் குழந்தைக்காக எழுதும்போது, பத்து வயதுப் பிள்ளைக்கு மட்டுமே விளங்கும் சொற்களைப் பயன்படுத்தலாகாது என்கிறார். மொழியும் பொருளும் ஒரே வயதில் நிற்க வேண்டும். குழந்தையின் தலைக்கு மேலாகப் பெரியவரைப் பார்த்துக் கண்சிமிட்டும் எழுத்தாளர் மீது அவருக்குக் கடுஞ்சினம். குழந்தைக்கு விளங்காத நகைச்சுவையைக் குழந்தை நூலில் நுழைப்பது அவமரியாதை என்பது அவருடைய தீர்ப்பு. சிறுவர் பகுதியை உதவியாசிரியரின் தலையில் கட்டும் நம்மவர்கள் இதைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

அவருடைய நூல்களைத் தொடர்ந்து படிப்பவர் ஒன்றைக் கண்டுகொள்வார். ஆரவாரமான பிப்பிக்குப் பின்னால் தனித்து விடப்பட்ட சிறுவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒருநாள் ஸ்டாக்ஹோம் பூங்காவொன்றின் இருக்கையில் தன்னந்தனியே உட்கார்ந்திருந்த சிறுவனைக் கண்டார். 1954இல் வெளிவந்த ‘மியோ, என் மியோ’ என்னும் நூல் அக்காட்சியிலிருந்து பிறந்தது. வளர்ப்புப் பெற்றோரிடம் அன்பின்றி வளரும் சிறுவன், தொலைதூர நாட்டில் அரசனாக இருக்கும் தன் உண்மைத் தந்தையை அடைவதே அதன் கதை. 1956இல் எழுதிய மற்றொரு நூலில் அநாதை இல்லத்திலிருந்து தப்பியோடும் ராஸ்மஸ் என்னும் சிறுவன் தனக்கொரு பெற்றோரைத் தேடி ஊரூராகத் திரிகிறான். சிறுவர் இலக்கியத்தில் மிக உயரிய ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 1958இல் அந்நூல் அவருக்குப் பெற்றுத் தந்தது. விம்மர்பி இடுகாட்டில், இளமையிலேயே இறந்துபோன சகோதரர்களின் கல்லறையைக் கண்டது 1973இல் வெளிவந்த ‘சிங்க நெஞ்சச் சகோதரர்கள்’ என்னும் நூலுக்கு வித்தாயிற்று. குழந்தைகளிடம் மரணத்தைப் பற்றிப் பேசலாமா என்று பெரியவர்கள் வாதிட்டனர். குழந்தைகளோ அந்நூலைத் தலையணைக்கருகே வைத்துக்கொண்டனர்.

இருமிக் கொண்டிருந்த மூன்று வயது லார்ஸ்தான் இச்சிறுவர்களாக மீண்டும் மீண்டும் வருகிறானோ? வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் அவ்வாறே கருதுகின்றனர். எனக்கும் வேறு விளக்கம் தோன்றவில்லை. அந்த மகன் வளர்ந்து பெரியவராகி, 1986இல் தாய்க்கு முன்னரே இறந்துபோனார்.

கையிலிருந்த கல்

அவர் அரசியலிலும் அசைவுகளை ஏற்படுத்தினார். தம் வருவாய்க்கு 102 விழுக்காடு வரி விதிக்கப்படுவதைக் கண்டு 1976 மார்ச்சில் நாளிதழொன்றில் நையாண்டிக் கதையொன்று எழுத, நாடே சிரித்தது; நிதியமைச்சர் சினந்தார்; நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சியிலிருந்த கட்சி அவ்வாண்டுத் தேர்தலில் தோற்றது. தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன, அதை விட்டுவிடுவோம். நம் குடும்பங்கள் அறிய வேண்டியது வேறொன்று.

1978இல் ஜெர்மானியப் புத்தக வணிகர்களின் சமாதானப் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. பிராங்க்ஃபர்ட் நகரில் நடைபெறும் விழாவுக்காக அவர் எழுதியனுப்பிய உரையை முன்கூட்டியே படித்த அமைப்பாளர்கள், உரையின்றிப் பரிசை மட்டும் பெற்றுச் செல்லுமாறு கேட்டுக்கொண்டனர். உரை இல்லையெனில் தாமும் வரப்போவதில்லை என்று எழுபது வயதான அம்மையார் தெரிவித்துவிட்டார். இறுதியில் அவர் சென்றார். உரையை முழுமையாக ஆற்றினார்.

குழந்தைகளை அடிக்கலாகாது என்பதே அவ்வுரையின் பொருள். உலகில் சமாதானம் வேண்டுமெனில் அதை வீட்டில், தொட்டிலின் அருகே தொடங்க வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு முதியவர் தமக்குச் சொன்ன நிகழ்ச்சியொன்றை அவர் அவையில் எடுத்துரைத்தார். பிரம்பைப் பயன்படுத்தாவிட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், ஒரு தாய்க்குத் தன் சிறு மகனை அடிக்க மனமில்லை. ஆயினும் ஒருநாள் அவன் செய்த தவறு அடிக்கு உரியதென அவளுக்குத் தோன்றியது. வெளியே சென்று நீயே ஒரு பிரம்பு தேடிக் கொண்டுவா என்று அனுப்பினாள். நெடுநேரம் கழித்துச் சிறுவன் அழுதுகொண்டே திரும்பினான். பிரம்பு கிடைக்கவில்லை, என்மீது எறிய இந்தக் கல்லைக் கொண்டுவந்தேன் என்று நீட்டினான். தாய் திடுக்கிட்டாள். உம்மா எனக்கு வலிக்க வேண்டுமென்றுதானே விரும்புகிறாள், அதற்குக் கல்லாக இருந்தால் என்ன என்று பிள்ளை எண்ணியிருப்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதனர். பின்னர் அவள் அந்தக் கல்லைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டாள். அது அங்கேயே நெடுங்காலம் இருந்தது.

இதை எழுதுபவனின் பிள்ளைப் பருவத்தில் எங்கள் வீட்டு அலமாரியின் மேலேயும் ஒன்று இருந்தது. அது கல்லன்று, பிரம்பு. ஓதும் பள்ளியில் ஒன்று, படிக்கும் பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என மூன்று பிரம்புகளுக்கிடையே வளர்ந்தவர்கள் நாங்கள். அடித்தவர்கள் எங்கள்மேல் அன்பில்லாதவர்களல்லர். ஆனால் அந்தப் பிரம்புகள் கற்பித்த பாடம் எதுவென்று கேட்டால், எப்பக்கமிருந்து வந்தால் எப்படித் தப்பலாம் என்பதைத் தவிர வேறொன்றும் என் நினைவில் இல்லை. என் மகன்மீது நான் கையோங்கிய நாளொன்றும் இருக்கிறது. அவன் முகம் போன போக்கை நான் இன்னும் மறக்கவில்லை.

அவ்வுரைக்கு மறு ஆண்டு, 1979இல், பிள்ளைகளை அடிப்பதைப் பெற்றோருக்கும் தடைசெய்து ஸ்வீடன் சட்டம் இயற்றியது. உலகில் அவ்வாறு செய்த முதல் நாடு அதுவே. அச்சட்டத்துக்கான முயற்சிகள் முன்பே அங்கு நடந்துகொண்டிருந்தன. ஓர் உரையால் மட்டும் சட்டம் பிறந்துவிட்டதென்று கூறுவது மிகையாகும். உரையாற்ற வேண்டாமென்று அவரைத் தடுக்க முயன்ற ஜெர்மனியில் அத்தகைய சட்டம் வர 2000ஆம் ஆண்டுவரை ஆயிற்று.

மெத்தைக்கடியில் கடிதங்கள்

புகழ்பெற்ற எழுத்தாளரின் நேரத்தைத் தின்றுவிடுவது வாசகர் கடிதம். ஸ்வீடன் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ள அவருடைய ஆவணங்களுள் அவருக்கு வந்த கடிதங்கள் மட்டுமே ஏறத்தாழ 75,000 என்பர். 2005இல் யுனெஸ்கோ அந்த ஆவணத் தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. எல்லாவற்றுக்கும் மறுமொழி எழுத எவராலும் இயலாது. ஆனால் துன்பத்திலிருக்கும் பிள்ளையின் குரல் ஒரு கடிதத்தில் கேட்டுவிட்டால் அவர் அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டார். 1971இல், தம் அறுபத்து மூன்றாம் வயதில், வீட்டிலும் பள்ளியிலும் ஒட்டாமல் தவித்த பன்னிரண்டு வயதுச் சிறுமியோடு அவர் தொடங்கிய கடிதப் போக்குவரத்து ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அச்சிறுமியின் கடிதங்களைப் பிறர் கண்ணில் படாமல் மெத்தைக்கடியில் வைத்துக் காத்தார். அக்கடிதங்கள் 2012இல் நூலாக வந்தன. அதன் தலைப்பிலும் அந்த மெத்தை இடம்பெற்றிருக்கிறது. போர்க்காலத்தில் பிறர் கடிதங்களை இரகசியமாகப் பிரித்துப் படித்தவர், முதுமையில் ஒரு பிள்ளையின் கடிதத்தை மற்றவர் பார்வையிலிருந்து மறைத்து வைத்தார்.

1941 முதல் ஒரே வீடுதான். ஸ்டாக்ஹோமில் தாலாகாத்தன் தெருவில் 46ஆம் எண் கட்டிடத்திலிருந்த அந்த இல்லத்திலேயே 2002 ஜனவரி 28 அன்று தம் 94ஆம் வயதில் அவர் காலமானார். ஸ்வீடன் அரசு அவ்வாண்டே அவர் பெயரால் சிறுவர் இலக்கியத்துக்குப் பன்னாட்டு விருதொன்றை நிறுவியது. 2009இல் அவ்விருதைப் பெற்றது ஃபலஸ்தீனத்தின் ராமல்லாவைச் சேர்ந்த தாமிர் சமூகக் கல்வி நிறுவனமாகும். மேற்குக்கரையிலும் காஸாவிலும் பிள்ளைகளுக்கு நூல்களைக் கொண்டு சேர்ப்பதும், பிள்ளைகளே எழுதி வரையும் நூல்களை வெளியிடுவதும் அந்நிறுவனத்தின் பணிகளுள் சில.

அவர் விட்டுச்சென்ற சுருக்கெழுத்துக் குறிப்பேடுகள் ஏறத்தாழ 670. அவற்றை வேறெவராலும் படிக்க இயலாதென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஸ்வீடனில் சுருக்கெழுத்தறிந்தோர் அருகிவிட்டார்கள்; முன்னாளில் அலுவலகங்களில் அத்தொழில் செய்து ஓய்வுபெற்ற முதியோரிடம் மட்டுமே அக்கலை எஞ்சியிருந்தது. 2020இல் ஆய்வாளர்கள் அக்குறிப்பேடுகளைப் படித்தறியும் பணியைத் தொடங்கியபோது, அவர்களுக்குத் துணைநிற்க அம்முதியோரே தன்னார்வத்தோடு முன்வந்தனர். அக்கோடுகளையும் சுழிகளையும் எழுத்தெழுத்தாகக் கூட்டி, அதிகாலைப் படுக்கையில் அவர் அடித்தும் திருத்தியும் எழுதிய வரிகளை அவர்கள் படித்தெடுத்தார்கள்.